அப்பா சாப்பிடாத மிக்சர்

ஜூலை 7, திங்கள்

மூன்றரைக்கு ஆபீஸிலிருந்து வந்தபோது அப்பா மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏன் இங்கே என்று கேட்டேன். "இங்கனதான் காத்து நல்லா வருது" என்றார். அந்த இடத்தில் ஜன்னல் கிடையாது. விசிறியும் கிடையாது. கீழே எங்கள் பலகாரக் கடை, மேலே வீடு, நடுவில் பதினாறு படிகள். சாப்பாட்டுக்கு ஏறியவர் பாதியில் முட்டி மறுத்துவிட்டதால் உட்கார்ந்திருக்கிறார். அதை ஒப்புக்கொள்ளாமல் பேப்பரை விரித்துவிட்டார்.

நேற்றைய பேப்பர்.

ஜூலை 9, புதன்

அம்மா அப்பாவின் முட்டியில் எண்ணெய் தடவி அழுத்தினாள். அவர் கத்திய கத்தலில் மாம்பலம் ஸ்டேஷன் அறிவிப்பு எதுவும் காதில் விழவில்லை.

ஜூலை 12, சனி

அடையாறில் மூட்டு டாக்டர். அப்பாவோடு உள்ளே யார் போவது என்று வீட்டில் பேச்சே எழவில்லை. "நீ படிச்ச பிள்ளல்லா" என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் பட்டதாரி நான். பி.ஏ. வரலாறு. ஆனால் எங்கள் வீட்டில் படிப்பு என்றால் ஒன்றுதான். அதற்குள் பேங்க் பாரம், மின்கட்டணம், எக்ஸ்ரே எல்லாம் அடக்கம். முட்டிக்கும் மொகலாயருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

டாக்டர் அம்மா நல்ல மாதிரி. முட்டியில் தேய்மானம், அதோடு வீக்கம், எடை எண்பத்தெட்டு கிலோ. மாத்திரை எழுதினார், பயிற்சி சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார். "ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அடுப்பு முன்னால நிக்கறீங்க. இப்படியே போனா தீபாவளிக்கு உங்களால நிக்க முடியாது. மூணு மாசம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்க. உடம்புக்குள்ள இருக்கிற அழற்சி குறையட்டும்."

அப்பா மெதுவாகக் கேட்டார். "நிக்காம எப்படிம்மா? என் பொழப்பே நின்ன வாக்குலதான்."

தவிர்க்க வேண்டியவை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஆட்டோவில் நான் வாசித்தேன். எண்ணெயில் பொரித்த பலகாரங்கள், மைதா, சர்க்கரை, வனஸ்பதி, உப்பு அதிகமுள்ள நொறுக்குத்தீனி, இனிப்பு வகைகள்.

அப்பா என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். "ஏட்டி, இது நம்ம கடை போர்டுல்லா?"

ஜூலை 13, ஞாயிறு

அது உண்மை. ஓமப்பொடி, காராபூந்தி, மிக்சர், சீவல், அதிரசம், மைசூர்பாகு. வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆனால் சிக்கல் அது இல்லை. விற்பவர் சாப்பிட வேண்டும் என்று சட்டமா என்ன? எங்கள் கடையில் சட்டம்தான். கடை திறந்த புதிதில் யாரோ ஒருவர் "எண்ணெய் பழசுபோல இருக்கே" என்று சொல்லிவிட்டாராம். அப்பா தட்டிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, தலையாட்டியிருக்கிறார். அதிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, மாலை நாலு மணிக்குச் சூடாக மிக்சர் தட்டு வெளியே வரும். வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள். அப்பா ஒரு கை போடுவார். கண்ணை மூடுவார். தலை ஆடும். அதற்குப் பிறகுதான் தராசு அசையும். ரயில்வே பாலம் ஏறி இறங்கி மேற்கு மாம்பலத்திலிருந்து வைதேகி மாமி வருவது மிக்சருக்காக மட்டும் இல்லை. அந்தத் தலையாட்டலுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு கை மட்டும் சாப்பிட்டால் என்ன என்று கேட்டேன். அப்பா நேர்மையாகவே பதில் சொன்னார். "ஒரு வாய் உள்ள போச்சுன்னா எனக்கு நிப்பாட்டத் தெரியாதுட்டி."

அது எனக்கும் தெரியும். முதல் கை ருசி பார்க்க. இரண்டாவது, முதல் கையில் பட்டது சரிதானா என்று பார்க்க. அதற்குப் பிறகு காரணம் தேவைப்படாது.

ஜூலை 15, செவ்வாய்

பத்தியம் தொடங்கியது. காலையில் முருங்கைக்கீரை அடை. மதியம் மத்தி மீன் குழம்பு, கைக்குத்தல் அரிசி, முருங்கைக்கீரைப் பொரியல். சாயங்காலம் இஞ்சி தட்டிப்போட்ட சுண்டல். உப்பு பாதிதான்.

அம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. நல்லது என்றால் நிறைய நல்லது. தாளில் "மஞ்சள் சேர்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூலை 19, சனி

அப்பாவின் பல், நாக்கு, விரல் நுனி எல்லாம் மஞ்சள். கடையில் விஜயராகவன் சார் (மாமி குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கச் செயலாளர், ரிட்டயர்டு) கவலையோடு குனிந்து பார்த்து, "கண்ணைக் காட்டுங்கோ, காமாலையா இருக்கப்போறது" என்றார். அப்பா மஞ்சள் பல்லைக் காட்டிச் சிரித்தார். அது நிலைமையைச் சரிசெய்யவில்லை.

ஜூலை 23, புதன்

சான்று கிடைத்தது. துவைக்கப் போட்ட வேட்டியின் மடிப்பில் ஓமப்பொடி. நான்கு துண்டு, ஒரு கறிவேப்பிலை.

அப்பாவிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. துண்டுகளை ஒரு தட்டில் வைத்து அவர் சுண்டலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "தணிகாசலம் வேட்டி மாறிப்போச்சு போல" என்றார். தணிகாசலம் அண்ணன் எங்கள் கடையில் பூந்திக் கரண்டி பிடிக்கிறவர். பதினைந்து வருடமாக லுங்கிதான் கட்டுகிறார்.

கீழே போய் அவரிடம் கேட்டேன்.

"இன்னா பாப்பா பண்றது. நாலு மணிக்கு ஒரு கை போட்டாரு. அப்பால 'தணிகாசலம், அந்தப் பக்கம் திரும்பு'ன்னாரு. திரும்பிக்கினேன். மொதலாளி சொன்னா திரும்பித்தானே ஆவணும்? எத்தினி கைன்னு எனுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கினு இருந்திச்சு."

ஜூலை 24, வியாழன்

இன்று காலை அப்பா கட்டிலிலிருந்து எழுந்து நிற்க என் தோளைப் பிடித்தார். ஒரு நிமிடம் அப்படியே நின்றோம். அவர் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தேன். அவரும் காலண்டரைத்தான் பார்த்தார்.

"ரெண்டு காலும் சேந்து என்னைய விட்டுட்டுப் போயிருமோட்டி?" என்றார்.



ஆகஸ்ட் 2, சனி

எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்க வேண்டாம்.

தேயிலைக் கம்பெனிகளில் ருசி பார்ப்பவர்கள் தினமும் நூற்றுக்கணக்கான கோப்பை சுவைக்கிறார்களாம். விழுங்குவதில்லை. வாயில் வைத்து, உணர்ந்து, துப்பிவிடுகிறார்கள். போனில் பார்த்தேன். ரொம்ப மரியாதையான வேலை, கோட் எல்லாம் போட்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்குக் காட்டினேன். அவர் மூன்று முறை பார்த்தார். "துப்புறதுக்குச் சம்பளமா?" என்றார். பிறகு யோசித்தார். பிறகு எண்ணெய் டின்களுக்குப் பின்னால் ஒரு சிவப்பு வாளி வைக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 9, சனி

வேலை செய்கிறது! நாலு மணி, ஒரு கை, கண் மூடல், தலையாட்டல். பிறகு எதையோ எடுப்பதுபோல டின்களுக்குப் பின்னால் குனிகிறார். யாருக்கும் தெரியவில்லை. விழுங்காததால் இரண்டாவது கையும் கேட்கவில்லை. காலையில் பனகல் பார்க்கில் நான்கு சுற்று நடக்கிறார். இரண்டு கிலோ குறைந்திருக்கிறது.

படித்ததற்கு ஒரு பயன்.

ஆகஸ்ட் 16, சனி. கிருஷ்ண ஜெயந்தி

போச்சு. எல்லாம் போச்சு.

சீடைக்கும் முறுக்குக்கும் சந்து முழுக்கக் கூட்டம். விஜயராகவன் சார் அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் காட்ட போனில் கடையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "பாரும்மா, நீ சின்ன வயசுல வாங்கித் தின்ன அதே கடை, அதே மனுஷர், இப்ப தலையாட்டுவார் பாரு" என்று சொல்லிக்கொண்டே. அப்பா தலையாட்டினார். குனிந்தார். சாரின் போனும் கூடவே குனிந்தது.

பதினோரு விநாடி வீடியோ. அப்பா முறுக்கை வாளியில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்து, நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். மஞ்சள் பல். பார்க்கவே வில்லன் மாதிரி இருக்கிறது.

சாருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. மகளுக்கு அனுப்ப வேண்டியதை அடுக்ககத்து வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். பார்த்ததும் அழித்தாராம். அதற்குள் அது, தான் விற்பதைத் தானே துப்பும் கடைக்காரர் என்று, பாலம் தாண்டி இந்தப் பக்கமே வந்துவிட்டது.

எல்லாம் என்னாலதான். நான் ஏன் அந்தத் தேயிலை வீடியோவக் காட்டினேன்? யாரு கேட்டா என்கிட்ட?

ஆகஸ்ட் 18, திங்கள்

நாலு மணிக்கு ஆறு பேர். அப்பா தலையாட்டினார், வாயில் எதையும் போடாமல். ஆறு பேரும் வாளி இருந்த இடத்தைப் பார்த்தார்கள்.

வாளியை நேற்றே மாடிக்குக் கொண்டுவந்துவிட்டோம். அது இல்லாதது இன்னும் சந்தேகமாகிவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

வைதேகி மாமி மட்டும் வந்தார். தட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "நான் நம்பலைதான் வெள்ளைத்துரை. ஆனா எங்காத்து மாமா நம்பிட்டார். அவர் வாய்ல போட்டுக்க மாட்டேங்கறார், நான் மட்டும் எப்படித் திங்கறது?" என்று சொல்லிவிட்டு வெறும் பையோடு பாலம் ஏறிப்போனார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அப்பா பதினாறு படியையும் நிற்காமல் ஏறிவிட்டார். முட்டி வீக்கம் பாதி வற்றியிருக்கிறது. நான்தான் இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். காலையில் எழுந்ததும் இருக்கிற இறுக்கம் கால் மணி நேரத்தில் விடுகிறது.

ஏறி வந்தவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இறங்கிப் போவதற்குத்தான் காரணம் இல்லை. "நிக்க முடியுது. யாரு முன்னால நிக்கணும்?" என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கடை வாசலில் நின்று எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வாசல்வரை போனேன். இரண்டு பேர் நின்றார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

எழுதி ஒட்டலாம். எழுதுவது எனக்கு வரும்.

செப்டம்பர் 1, திங்கள்

பெரிய வெள்ளை அட்டை, கொட்டை எழுத்து. ஆபீஸில் உணவு இடைவேளையில் எழுதினேன்.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு. எங்கள் முதலாளிக்குக் கடுமையான மூட்டுவலி. எனவே இப்பலகாரங்களைச் சாப்பிடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியுள்ளார். தங்கள் ஆதரவைத் தொடர்ந்து நாடுகிறோம்."

தெளிவாக, சுருக்கமாக, உண்மையாக. ஒட்டிவிட்டு நானே தள்ளி நின்று இரண்டு முறை படித்தேன். திருப்தியாக இருந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேற்று வந்தவர்களில் பாதிப் பேர் இன்று வரவில்லை. ஓர் அம்மா அட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டு, "டாக்டரே சொல்லிட்டாராம், இதத் தின்னா முட்டி போயிரும்னு" என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

தணிகாசலம் அண்ணன் அட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "பாப்பா, நீ படிச்ச பொண்ணு, நான் ஒண்ணியும் சொல்லக்கூடாது. ஆனா சூனியம் வெக்கிறவன்கூட இம்மா பெரிய எழுத்துல எழுத மாட்டான்."

அட்டையைக் கிழித்தேன். கோந்து போகவில்லை. "சாப்பிடவே கூடாது" என்ற இரண்டு சொல் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அம்மா அதன்மேல் காலண்டரை மாட்டினாள்.

செப்டம்பர் 6, சனி

கடையில் மிஞ்சியதை அம்மா சந்து முழுக்கப் பங்கு வைக்கிறாள். மிக்சர் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வீடுகள் தீர்ந்துகொண்டு வருகின்றன.

அப்பா சுண்டல் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "திங்கக்கிழமைலேர்ந்து நான் பழையபடி திங்கப்போறேன். வயிறு நெறைய. எல்லாரும் பாக்க."

அம்மா கத்தினாள். "காலு? காலுக்கு என்ன சொல்லுதிய?"

"காலு இருந்து கடை இல்லன்னா, நான் எங்க போய் நிக்க? பஸ் ஸ்டாப்புலயா? தீபாவளி வரைக்கும் நின்னாப் போதும். அதுக்கு அப்புறம் காலு எங்க வேணாலும் போகட்டும்."

"இவ படிச்சவ, இவ சொல்லட்டும்" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

என்ன சொல்ல? துப்பச் சொன்னது நான். அட்டை எழுதினது நான். இனிமேல் நான் வாயைத் திறந்தால் வீடு இடிந்துவிடும் என்று தோன்றியது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கும் அம்மா திட்டினாள்.

செப்டம்பர் 8, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும். 

நாலு மணி. எட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா மறுபடி சாப்பிடப் போகிறார் என்று தணிகாசலம் அண்ணன் தெருவில் சொல்லிவைத்திருக்கிறார். வைதேகி மாமி முன்வரிசையில். விஜயராகவன் சார் கொஞ்சம் பின்னால், போனைச் சட்டைப்பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டு, கோவிலில் நிற்பவர் மாதிரி. நான் எப்போதும்போல உள்ளே தூணோரம்.

தட்டு வந்தது. ஆவி பறக்கிறது. அப்பா கையை நீட்டினார். அவர் முகத்தில் இருந்த ஆசையை எப்படி எழுதுவேன்? எட்டு வாரம் கீரை தின்ற மனிதரின் முகம். ஒரு வாய் உள்ளே போனால் அவ்வளவுதான், எல்லாம் பழையபடி. அந்தப் படி, அந்தப் பேப்பர். அவர் அள்ளிவிட்டார். கை வாய்க்குப் போகிறது.

நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. தூணுக்கும் தட்டுக்கும் நடுவில் பத்தடி இருக்கிறது. அவர் கையைப் பிரித்து, அந்த மிக்சரை என் வாயில் போட்டுக்கொண்டேன். முழு ஒரு கை. அப்பாவின் கை பெரியது. கன்னம் இரண்டும் உப்பிவிட்டது. எட்டுப் பேரும் என்னையே பார்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். அது ருசிக்காக இல்லை. வெட்கத்துக்காக.

மென்றேன். மொறுமொறுப்பு சரி. காரம் சரி. பெருங்காயம் இருக்கிறது. ஆனால் ஏதோ இல்லை. மறுபடி மென்றேன்.

உப்பு.

உப்பே இல்லை. மண்ணை மெல்லுவதுபோல இருந்தது.

தலையாட்டிவிடலாம். அதற்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆட்டல், கடை பிழைத்துவிடும். ஆட்டப் பார்த்தேன். மேலும் கீழும் போக வேண்டிய தலை பக்கவாட்டில் போனது.

"என்னட்டி?" என்றார் அப்பா.

"உப்பு இல்லப்பா."

சத்தமாகவே வந்துவிட்டது. பாலத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்பா ஒரே ஒரு பூந்தி எடுத்து நாக்கில் வைத்தார். "சரியாத்தானே இருக்கு!" அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எட்டு வாரமாக அரை உப்புச் சாப்பாடு. அவர் நாக்கு அதற்குப் பழகிவிட்டது. கையும் நாக்கின் பின்னால் போய்விட்டது. தணிகாசலம் அண்ணன் ஒரு கை போட்டார். தலையைச் சொறிந்தார். "பாப்பா சொல்றது கரீட்டு மொதலாளி. பத்து நாளா கம்மியாத்தான் கீது. உங்க கைக்கு நான் எப்டி சொல்றது?"

இருபத்திரண்டு வருடத்தில் வெளியே வந்த தட்டு திரும்பி உள்ளே போனதே இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. தட்டைத் தூக்கினார். கூட்டத்தைப் பார்த்து, "இருவது நிமிசம்" என்றார். உள்ளே கொண்டுபோய்விட்டார்.

நான் எட்டுப் பேருக்கு முன்னால் தனியாக நின்றேன். கன்னத்தில் இன்னும் பாதி மிக்சர்.

"முழுங்கப்போறியா, துப்பப்போறியா?" என்றார் வைதேகி மாமி.

விழுங்கினேன். பிறகு சொன்னேன். அப்பாவுக்கு முட்டி வலி, ஒரு கையோடு நிறுத்தத் தெரியாது, அதனால் துப்பச் சொன்னது நான், அட்டை எழுதியதும் நான்தான். எல்லாம் ஒரே மூச்சில். எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. நடுவில் தேயிலைக் கம்பெனியும் வந்தது.

மாமி வாயைப் பிளந்து கேட்டார். "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சுண்டிருந்தேன். பெத்த அப்பா பண்ணினதையே நன்னால்லேன்னு எட்டுப் பேர் எதிர்க்கச் சொல்றதே இது! இனிமே நீ தலையாட்டினா நான் கண்ணை மூடிண்டு வாங்கிப்பேன்."

விஜயராகவன் சார், "நான் அந்த வீடியோவை…" என்று தொடங்கினார். "நீர் சும்மா இரும்" என்றார் மாமி.

எட்டுப் பேரும் இருபது நிமிடம் நின்றார்கள். ஒருவர்கூடப் போகவில்லை. இரண்டாம் தட்டுக்குத் தலையாட்டினேன்.

மேலே வந்ததும் வாந்தி எடுத்தேன். மிக்சரால் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

முப்பது பேர். பெண் தட்டைத் திருப்பி அனுப்புகிறாள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். நன்றாக இருந்தது, தலையாட்டினேன். சிலருக்கு ஏமாற்றம்.

அப்பா என்னோடு பேசவில்லை. சுண்டலை மட்டும் தின்று முடித்துவிட்டார்.

செப்டம்பர் 13, சனி

அப்பா பேசினார். அடுப்பு முன்னால் நின்றுகொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல். "ஏட்டி சொர்ணம். மாவுல உப்பு போடும்போதே வந்து ஒரு வாட்டி பாத்துரு. வெளிய கொண்டுபோய் நிக்கவச்சி மானத்த வாங்காத."

அவ்வளவுதான். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

செப்டம்பர் 20, சனி

தட்டுக்கு முன்னால் இப்போது பாதிப் பேச்சு முட்டியைப் பற்றித்தான். மேற்கு மாம்பலத்தில் நல்ல முட்டி உள்ளவர்கள் யாருமே இல்லை போலிருக்கிறது. ஒருவர் வாதநாராயணன் இலை என்கிறார், ஒருவர் முடக்கத்தான் தோசை. வைதேகி மாமி டாக்டர் கொடுத்த தாளைப் பிரதி எடுத்து வாங்கிக்கொண்டு, அதைப் படித்துக்கொண்டே அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கினார். "மாமி, அது தாள்ல இருக்கு" என்றேன். "தெரியும்டி. அதான் ஒரு கிலோ வாங்கலை" என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

சீவலில் எண்ணெய் கொஞ்சம் தூக்கல். திருப்பி அனுப்பினேன். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அப்பா உள்ளேயிருந்து, "எவன்லே அது கைதட்டுறவன்?" என்றார்.

அக்டோபர் 11, சனி

அடையாறு. எண்பத்தொன்று கிலோ. வீக்கம் நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். அப்பா உடனே, "எல்லாம் முருங்கைக்கீரைம்மா" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். கீரை மட்டும் இல்லை. நடை, பயிற்சி, எடை குறைந்தது, மாத்திரை, எல்லாம் சேர்ந்துதான். தேய்ந்தது தேய்ந்ததுதான், இனி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் நின்றால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். "தீபாவளிக்கு நிக்கலாமா?" என்று அப்பா கேட்டார். "நிக்கலாம்" என்றார். அப்பா எழுந்து நின்று காட்டினார், கைப்பிடியைத் தொடாமல்.

பிறகு தயங்கி, "ஒரு அதிரசம்?" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். "ஒண்ணுதான்னா பரவாயில்ல" என்றார். "நான் எண்ணுவேன் டாக்டர்" என்றேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. காலை ஐந்திலிருந்து கூட்டம். ரங்கநாதன் தெருவில் புடவை எடுத்தவர்கள் எல்லாம் அப்படியே எங்கள் சந்துக்குள் திரும்பிவிட்டார்கள். ஒன்பது தட்டுக்குத் தலையாட்டினேன், ஒன்றைத் திருப்பி அனுப்பினேன், ஒரு தாத்தாவோடு ஓமத்தைப் பற்றிச் சண்டை போட்டேன். "வரிசையில வாங்க, வரிசையில வாங்க" என்று எத்தனை முறை கத்தினேன் என்று தெரியவில்லை. அப்பா ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்கார்ந்தார். உட்காரும்போதெல்லாம் "பிள்ள ஆர்டரு" என்று எல்லோரிடமும் என்னைக் கைகாட்டினார்.

ஆறு மணிக்கு எனக்குக் குரல் போய்விட்டது. சுத்தமாக. காற்று மட்டும்தான் வருகிறது. மீதி வியாபாரத்தை அப்பாவே கத்தி முடித்தார். இதை எழுதும்போது அம்மா சுக்குக் கஷாயம் கொண்டுவந்து வைத்தாள். ஏதோ கேட்டாள். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"இத்தன வருசம் வாயத் தொறக்காம இருந்த. எங்களுக்கு ஒண்ணுமே தோணல. இன்னைக்கு ஒரு ரெண்டு மணி நேரம் நீ பேசல, வீடே வெறிச்சுன்னு கெடக்குட்டி" என்றாள். "சூடா இருக்கும்போதே குடி."